வட்டத்தொட்டி வளர்த்த ரசிகமணி

நூல்கள் எழுதித் தமிழுக்குத் தொண்டு செய்தோர் பலர். நண்பர்களோடு உரையாடியே ஒரு தலைமுறையின் இலக்கியச் சுவையை மாற்றியவர் மிகச் சிலர். அவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார்.

1880களின் தொடக்கத்தில் பிறந்த டி.கே.சி.யின் சொந்த ஊர் தென்காசி. சட்டம் பயின்று திருநெல்வேலியில் வழக்கறிஞராக அமர்ந்தாரேனும், அவர் உள்ளம் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 1927இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய ஆணையராகப் பணியாற்றினார். இப்பதவிகளால் அன்று, தம் வீட்டு முற்றத்தாலேயே அவர் புகழ் நிலைத்தது.

திருநெல்வேலியில் அவருடைய இல்லத்தில் வட்டவடிவமான தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் மாலையில் அன்பர்கள் அங்கே கூடினர். வட்டத்தொட்டி என்ற பெயர் அவ்வாறே அமைந்தது. அதற்குத் தலைவர் இல்லை, சந்தா இல்லை, நிகழ்ச்சிக் குறிப்பேடும் இல்லை. ஒரு பாடலை எடுத்துக்கொண்டால் டி.கே.சி. அதை மெல்லப் பாடுவார், மீண்டும் பாடுவார். சொல்லின் ஓசையும் உணர்ச்சியும் ஒன்றாகிப் பொருள் தானே மலரும் வரை அவசரப்படமாட்டார். இலக்கண நூற்பாக்களைச் சுமந்து திரிந்த பலருக்குக் கவிதை செவிக்கும் இதயத்துக்கும் உரியது என்பது அங்கேதான் விளங்கிற்று.

நீதிபதி மகராஜன், தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அந்த வட்டத்தில் சிறந்தவர்கள். பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கியபோது வட்டத்தொட்டியும் அவருடன் சென்றது எனலாம். இராஜாஜியும் கல்கியும் அங்கே வந்தனர். கரிசல் நாட்டிலிருந்து கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் வந்தனர். பேச்சுமொழியின் அழகைக் கண்டுகொள்ளும் துணிவை இளைஞர்கள் அவரிடம் பெற்றனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைச் சென்ற இடமெல்லாம் பாடிக்காட்டி நாடறியச் செய்தவரும் அவரே.

கலைஞர்களையும் அவர் புலவர்களுக்கு இணையாகவே போற்றினார். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகங்களை அவர் விரும்பிச் சுவைத்தார். இசை அரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் துக்கடாவாக ஒதுக்கப்பட்டிருந்த 1940களில், ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கத்துக்குக் கல்கியுடன் சேர்ந்து தோள் கொடுத்தார். கல்வியும் தாய்மொழியிலேயே நடைபெறவேண்டும் என்று வாதாடினார். இலக்கியச் சுவையும் அரசியலும் அவருக்கு வேறுவேறு அல்ல; புரியாத மொழியில் பயில்வதும் பாடுவதும் மக்களின் உணர்ச்சியை வறளச் செய்யும் என்பதே அவருடைய கவலை.

அவருடைய சுவையுணர்வே அவரைப் பெருஞ்சர்ச்சைக்கும் உள்ளாக்கிற்று. கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதி பிறரால் செருகப்பட்டது எனத் துணிந்து அவற்றை விலக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். ஏட்டுச் சான்று இன்றிச் செவியை மட்டுமே நம்பிப் பாடம் மாற்றலாகாது என்று பதிப்பறிஞர்கள் மறுத்தனர். அம்மறுப்பு நியாயமானதே. ஆயினும், பண்டிதர்களின் உரைக்குள் அடைபட்டிருந்த கம்பனை எளிய வாசகனின் வீட்டுக்கு அழைத்து வந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை மறுத்தவர்களும் மறக்கவில்லை.

எழுத்தாளராக மலர்ந்துவந்த அருமை மகன் தீபன் இளமையிலேயே மறைந்தார். அத்துயரிலும் டி.கே.சி. வட்டத்தைக் கலைத்துவிடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் கவிதையையே ஆறுதலாகத் தந்தார்.

1954 பிப்ரவரி 16இல் அவர் மறைந்தார். வட்டத்தொட்டியில் பேசப்பட்டவற்றுள் பெரும்பகுதி காற்றோடு கலந்துவிட்டது. எஞ்சியவை அவர் எழுதிய ஏராளமான கடிதங்களும், இதய ஒலி போன்ற நூல்களும், அன்பர்களின் நினைவுகளுமே. ஆனால், அவர் காட்டிய முறை எஞ்சியிருக்கிறது. தறியோசை கேட்கும் தேசூர் போன்ற ஊர்களிலும், நாலுபேர் கூடி ஒரு பாட்டை இருமுறை படித்து, அது பாட்டுத்தானா என்று அச்சமின்றிக் கேட்பார்களாயின், அங்கே வட்டத்தொட்டி மறுபடியும் கூடிவிட்டது என்றே கொள்ளலாம்.