வாசிக்கத் தெரியாதவர் செய்த கிடார்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மன்றச் செயலாளர் கேட்டபோது ஒரு வாரம் யோசித்தேன். எடிசன், மேரி கியூரி எல்லாம் பழைய மலர்களிலேயே வந்துவிட்டார்கள். நான் எழுதப் போவது லியோ ஃபெண்டர் என்பவரைப் பற்றி. பேரைக் கேட்டதும் சிரிக்காதீர்கள். எங்க அப்பா வேலை செய்யும் டிங்கரிங் பட்டறையில் ஃபெண்டர் என்றால் காரின் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் திருவிழா சீசனுக்கு முன்னாடி, பாட்டுக் கச்சேரி குழுவில் வாசிக்கும் ஒரு அண்ணன் தன் எலக்ட்ரிக் கிடாரைத் தூக்கிக்கொண்டு எங்க பட்டறைக்கு வந்தார். பெயிண்ட் உரிந்து பல்லிளித்துக் கொண்டிருந்தது. அதைக் கறுப்பாக்கி, மேலே தோகை விரித்த மயில் ஒன்று வரைந்து தர வேண்டும் என்றார். அப்பா இருபது வருஷமாக வேனுக்கும் லாரிக்கும் பெயிண்ட் அடிப்பவர். கிடாரைத் தொட்டதே இல்லை. ஆனாலும் மரம்தானே, பட்டி பார்த்து அடித்தால் ஆச்சு என்று வாங்கி வைத்துவிட்டார்.

அதைக் கழற்றும் வேலை எனக்கு வந்தது. பின்பக்கம் நாலே நாலு ஸ்க்ரூ. எடுத்ததும் கழுத்து தனியாக, உடம்பு தனியாக வந்துவிட்டது. முன்பக்க பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினால் காந்தம், செப்புக் கம்பிச் சுருள், பொட்டென்ஷியோமீட்டர், கப்பாசிட்டர். முதல் வருஷத்தில் நாம லேபில் கையில் பிடித்த சாமான்கள்தான்! யாரு இப்படி யோசிச்சது என்று அண்ணனிடம் கேட்டேன். இந்தக் கிடார் அந்தக் கம்பெனி செய்தது இல்லை, ஆனால் உருவம் அவர் போட்டது என்று சொல்லி ஃபெண்டர் பேரைச் சொன்னார். அன்றிலிருந்து நூலகத்திலும் கணினி அறையிலும் தேடித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனாஹைம், ஃபுல்லர்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆரஞ்சு பயிரிட்ட ஒரு விவசாயி வீட்டில் 1909 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிறந்தார் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர். எட்டு வயதில் கட்டி ஒன்று வந்து இடது கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் ஒரு கண் கண்ணாடிக் கண்தான். நுணுக்கமான வேலை அத்தனையும் மிச்சம் இருந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தார் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

அவருடைய மாமா ஒருவர் சாந்தா மரியா என்ற ஊரில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். சின்ன வயதில் அந்தக் கடைக்குப் போன பையன், மாமா கையாலேயே செய்து வைத்திருந்த ரேடியோவின் சத்தத்தைக் கேட்டு மயங்கிப் போனான். அதிலிருந்து ரேடியோ பைத்தியம். வீட்டிலேயே ரிப்பேர் செய்யப் பழகினான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1928-இல் பள்ளியை முடித்துவிட்டுக் கல்லூரியில் அவர் படித்தது எலக்ட்ரானிக்ஸ் இல்லை, கணக்குப் பதிவியல்! ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார், நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு எழுதினார். 1930-களில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய பொருளாதார மந்தத்தில் வேலை போய்விட்டது. கல்யாணமும் ஆகியிருந்த நேரம். 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையைத் திறந்தார். வேலை போனதுதான் அவருக்கு வழி காட்டியது.

ரிப்பேர்காரன் மூளை

கடைக்கு ரேடியோவோடு ஆம்ப்ளிஃபயர், மைக் செட், கிடார் எல்லாம் ரிப்பேருக்கு வந்தன. எது எங்கே உடைகிறது, எந்த சாலிடர் விட்டுப்போகிறது என்று தினம் தினம் பார்த்தார். டாக் காஃப்மன் என்ற இசைக் கலைஞரோடு கூட்டுச் சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் செய்து விற்றார். காஃப்மன் விலகிக்கொண்ட பிறகு 1946-இல் சொந்தப் பேரில் கம்பெனி தொடங்கினார்.

அந்தக் காலத்தில் கிடார் என்றால் உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டி. அதில் பிக்கப் மாட்டி ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை ஏற்றினால், ஸ்பீக்கர் சத்தம் திரும்பப் பெட்டிக்குள் போய் அதிரும், கீய்ய் என்று ஊளை கிளம்பும். நம்ம ஊர் மேடையில் மைக் ஊளையிடுமே, அதே கதைதான். பெட்டியே வேண்டாம், கெட்டியான மரக்கட்டை போதும் என்பதுதான் வழி. இதை முதலில் யோசித்தவர் ஃபெண்டர் இல்லை. லெஸ் பால், பால் பிக்ஸ்பி போன்றவர்கள் அவருக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றிரண்டாகச் செய்வது வேறு, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்வது வேறு. இரண்டாவதைச் செய்துகாட்டியவர் ஃபெண்டர்.

வேலை செய்யும் விதம் நமக்குத் தெரிந்த ஃபாரடே விதிதான். ஆறு காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமுடி போல மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் அசையும், சுருளில் சின்ன மின்னழுத்தம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கும். அவ்வளவுதான்!

1950-இல் எஸ்குவயர், பிறகு பிராட்காஸ்டர் என்ற பெயரில் அவருடைய கிடார் வெளியானது. ஆஷ் மரத்தில் தட்டையாக அறுத்த உடம்பு, மேப்பிள் மரக் கழுத்து, ஒட்டுவதற்குப் பதில் நான்கு ஸ்க்ரூ. கழுத்து கெட்டால் கழற்றிப்போட்டு வேறு மாட்டலாம். இது சங்கீத வித்வான் யோசனை இல்லை, ரிப்பேர்காரன் யோசனை! பார்த்தவர்கள் படகுத் துடுப்பு, பனி அள்ளும் மண்வெட்டி என்று கேலி செய்தார்கள். முதலில் செய்த சில கிடார்களில் கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைக்கவில்லை. தந்தி இழுத்த இழுப்பில் கழுத்து வளைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை, கம்பி வைத்துத் திருத்தினார். அடுத்து, பிராட்காஸ்டர் என்ற பெயரை ஒலிக்கும்படி டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்த கிரெட்ச் கம்பெனி ஆட்சேபம் தெரிவித்தது. உடனே லேபிளில் அந்தப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டுப் பெயரில்லாமலேயே கொஞ்ச நாள் விற்றார்கள். 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அந்த டெலிகாஸ்டர் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

அதே 1951-இல் பிரெசிஷன் பேஸ் கிடார். ஆள் உயரப் பேஸை முதுகில் சுமந்த கலைஞர்களுக்கு விடுதலை! 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். டெலிகாஸ்டரின் விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் குறை சொன்னார்கள். அதைக் கேட்டு உடம்பை வளைத்துச் செதுக்கினார்கள். எங்க பட்டறைக்கு வந்தது இந்த உருவத்தின் நகல்தான்.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! சுருதி கூடச் சேர்க்கத் தெரியாது. சின்ன வயதில் கொஞ்சம் சாக்சஃபோன் வாசித்தார், அவ்வளவுதான். அதனால் வாசிப்பவர்களைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, என்ன குறை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதுதான் அவருடைய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கார் பெயிண்ட் கிடாருக்கு வந்த கதை

இப்போது எனக்குப் பிடித்த இடம். மரத்தின் இழைக் குழிகளை ஃபில்லரால் அடைத்து, சீலர் அடித்து, எமரி பேப்பர் போட்டு, நிறம் அடித்து, மேலே தெளிவான லேக்கர் அடித்து, காய்ந்ததும் பாலிஷ். கிடாருக்கு இதுதான் வரிசை. அப்பா வேனுக்குச் செய்வதும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்!

ஃபெண்டர் கம்பெனி வாடிக்கையாளர் கேட்ட நிறத்தில் கிடார் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு விலையில் 5 சதவீதம் கூடுதல். நிறத்துக்கு எங்கே போனார்கள்? டூபான்ட் கம்பெனியின் கார் பெயிண்டுக்கு! டூக்கோ என்று நம்ம பட்டறைகளில் சொல்கிறோமே, அதே டூக்கோதான். ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்டு காரின் சிவப்பு. லேக் பிளாசிட் ப்ளூ என்பது கேடிலாக் காரின் நீலம். 1960-களின் தொடக்கத்தில் இந்த நிறங்களை எல்லாம் பெயரோடு ஓர் அட்டையாகவே அச்சடித்துக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். கடைக்காரர் பெயரைச் சொன்னால் போதும், தொழிற்சாலையில் அதே நிறம் வரும். இந்த அட்டையை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

1965 ஜனவரியில், தீராத சைனஸ் தொற்றால் உடம்பு நொந்து, இனி அதிக நாள் இருக்க மாட்டோம் என்று நினைத்து, கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். 600 டாலர் கடனில் தொடங்கியது! விற்ற பிறகு வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் நோய் குணமானது தனிக்கதை.

அவர் போன பிறகு 1968-இல் அந்தக் கம்பெனி பூப்போட்ட காகிதத்தை டெலிகாஸ்டர் மேல் ஒட்டி, மேலே தெளிவான பூச்சு பூசி விற்றது. ஒன்றில் நீலப் பூக்கள். இன்னொன்றில் பெய்ஸ்லி என்ற வடிவம். படத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அது நம்ம அம்மாக்களின் பட்டுச் சேலைக் கரையில் இருக்கும் மாங்காய்! காஷ்மீர் சால்வை வழியாக ஐரோப்பா போய், ஸ்காட்லாந்தில் அதை நெய்த ஊரின் பெயரையே வாங்கிக்கொண்டு, கடைசியில் கிடாரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. 1987-இல் அந்தக் கம்பெனி, கேட்டபடி கிடார் செய்து தருவதற்கென்றே தனிப் பட்டறை திறந்தது.

ஃபெண்டர் சும்மா இருக்கவில்லை. 1970-களில் மியூசிக் மேன், 1980-இல் ஜி அண்ட் எல் என்று புதிய கம்பெனிகளில் சேர்ந்து வேலை செய்தார். பார்கின்சன் நோய் வந்து கை நடுங்கிய காலத்திலும் பட்டறைக்குப் போவதை விடவில்லை. 1991 மார்ச் 21-ஆம் தேதி, 81 வயதில் காலமானார். 1992-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நான் எடுத்துக்கொண்டது

மயில் கிடார் அருமையாக வந்தது. தோகையில் அப்பா அடித்த அந்த நீலப் பச்சையை, கச்சேரி மேடை விளக்கில் பார்த்தபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு இருமல் வந்து ஒரு மாதம் படுத்துவிட்டார். முகமூடி போடாமல் இத்தனை வருஷம் தின்னர் வாசனையில் நின்றதன் விலை. அப்போது பழைய வாடிக்கையாளர் ஒருவர், கதவு ஒன்றை மட்டும் பழைய நிறத்தில் அடிக்கச் சொல்லி வேனைக் கொண்டுவந்தார். நான் மூன்று தடவை நிறம் கலந்தேன். மூன்று தடவையும் கதவு தனியாகத் தெரிந்தது. அவர் முகம் சுளித்துவிட்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார். அப்பாவின் கண்ணுக்குள் இருந்த கணக்கு எந்தத் தாளிலும் இல்லை. அப்பாவுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே! வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் எழுதி வைக்கவில்லை.

அன்று இரவுதான் ஃபெண்டரின் அந்த நிற அட்டை ஞாபகம் வந்தது. இப்போது அப்பா நிறம் கலக்கும்போதெல்லாம் அளவுக் குவளையும் நோட்டுமாகப் பக்கத்தில் உட்காருகிறேன். இதுவரை பதினேழு நிறங்கள் எழுதியாகிவிட்டது. பதினேழிலும் ஒரு சொட்டுப் பெயிண்ட் அந்தந்தப் பக்கத்திலேயே தடவியிருக்கிறது, அப்பா பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ள. முகமூடியும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். போடுகிறாரா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை.

நண்பர்களே, இந்தக் கதையைக் கேட்டு, ஃபெண்டரே எலக்ட்ரானிக்ஸ் படிக்கவில்லை, நாம எதுக்குப் படிக்கணும் என்று நினைத்துவிடாதீர்கள். கணிதத்தில் அரியர் வைத்திருந்தபோது நானும் அப்படி நினைத்தவன்தான்! அவர் வகுப்பில் படிக்கவில்லையே தவிர, படிக்காமல் இருக்கவில்லை. நமக்கு வகுப்பும் இருக்கிறது, வீட்டில் கைத்தொழில் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கை அறிந்ததைத் தாளில் ஏற்றுவதும், தாளில் உள்ளதைக் கைக்குக் கொண்டுவருவதும் டிப்ளமோ படிக்கும் நம்ம வேலை.

முதல் வருஷம் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதினேன். வெட்கம்தான் காரணம். வரப்போகும் வேலை விண்ணப்பத்தில் வாகன பெயிண்டர் என்று எழுதுவேன், தெளிவான கையெழுத்தில்.



மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை