முடி மறுக்கப்பட்ட பிள்ளை

அன்புக்கொடி மக்களே, 1809-இல் தென் திருவிதாங்கூர் சாஸ்தான்கோவில்விளையில் பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். சான்றோர் குலத்துப் பிள்ளைக்கு முடியோடு பெயர் கூடாதென்று மேல்சாதியார் தடுத்தார்கள். பெயர் முத்துக்குட்டி ஆயிற்று.

தாய்க்குத் தோள்சீலை இல்லை, தகப்பனுக்குத் தலைத்துண்டு இல்லை, தலைக்கும் பனைக்கும் வரி, கூலியில்லா ஊழியம். இவற்றைப் பார்த்தே அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். நாளடைவில் இதுதான் தலைவிதி என்று மனமும் படிந்துவிட்டது.

அந்த மனதைத்தான் அய்யா மாற்றினார். கொல்லம் 1008 மாசியில் திருச்செந்தூர்க் கடலில் வைகுண்டராய் எழுந்து, சாமிதோப்பில் ஆறாண்டு தவமிருந்தார். மன்னர் சிறைவைத்தும், தன் சாதிக்கு மட்டும் உபதேசிக்க அவர் சம்மதிக்கவில்லை. முந்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாய் நீராடினார்கள். வாகைப்பதியில் குடும்பம் குடும்பமாகத் துவையல் தவசு இருந்தார்கள். பிள்ளைகளும் துவைத்து, குளித்து, ஒருவேளை உண்டு வளர்ந்தார்கள். ஆண்கள் தலைப்பாகையோடு பணிவிடைக்கு நின்றார்கள்.

1851-இல் அய்யா வைகுண்டம் ஏகினார். 1859-இல் தோள்சீலை அணிய அரசாணை வந்தபோது, அந்தப் பிள்ளைகள் தலைநிமிர்ந்த பெரியவர்களாகியிருந்தார்கள்.

நம் புதுச்சேரியில் 1873-இல் காலணியோடு நீதிமன்றம் சென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளையைத் தண்டித்தார்கள். அவர் பாரீசு வரை வழக்காடி வென்றார். அங்கே தலைக்குத் தடை, இங்கே காலுக்கு.

பதியில் பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டும்போது, அது ஏன் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

அய்யா உண்டு.