டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த நாளில், பெண் மருத்துவர் என்றாலே பேறுகாலம் பார்ப்பவர் என்று மக்கள் எண்ணினர். அவ்வெல்லையைக் கடக்க வழிகோலியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886 ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார்; 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அறுவை மருத்துவத்தில் சிறந்து விளங்கியும், மகளிர், குழந்தைகள் மருத்துவமே அவர்க்கு வாய்த்த பணியாயிற்று.

1923 இல் அம்மையாரின் தங்கை புற்றுநோய்க்கு இரையானார். சீதபேதியென்று முதலிற் கருதப்பட்ட நோயின் உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாத துயரம் அம்மையாரின் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1927 இல் சட்டமன்றத் துணைத்தலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய நாளிலும் அதனை மறந்தாரில்லை. பல்லாண்டு முயன்று, 1954 இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

மறு ஆண்டே டாக்டர் சாந்தா அங்குச் சேர்ந்தார். மகப்பேற்று மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்ற அவர், அரசு மகளிர் மருத்துவமனையில் கிடைத்த பதவியை விடுத்து வந்தவர். 1968 இல் அம்மையார் மறைந்த பின்னும், 2021 இல் தம் உயிர் பிரியும்வரை, அந்நிலையத்திற்கே உழைத்தார்.

திருப்பதியில் மகளிர்க்கெனவே ஸ்ரீ பத்மாவதி மருத்துவக் கல்லூரி 2014 இல் தோன்றியுள்ளது. நம் காலனிப் பெண்மக்களும் அங்குப் பயிலலாம். அறுவையோ புற்றுநோயோ, அவர்கள் விரும்பும் துறைக்குப் பெற்றோர் தடை சொல்லாதிருப்பதே அம்மையார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.