அணையாத அடுப்பு

இந்த மாத சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னாங்க. நான் வள்ளலாரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வள்ளலாரின் இயற்பெயர் இராமலிங்கம். 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தார். அப்பா இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மை. வீட்டில் இவர் ஐந்தாவது பிள்ளை. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். அம்மா பிள்ளைகளோடு பொன்னேரிக்குப் போய், அப்புறம் சென்னைக்கு வந்தாங்க. ஆமாம், நம்ம ஊர்தான்! ஏழுகிணறு வீராசாமி தெருவில் குடியிருந்தாங்க. பெரிய அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து அந்த வருமானத்தில் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தம்பிக்கோ பாடத்தில் மனசு போகல. கந்தகோட்டம் முருகன் கோயிலே கதி என்று இருந்தார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. வீட்டில் அவனுக்குச் சோறு போடக் கூடாது என்று சொல்லிட்டார். அண்ணிக்கு மனசு கேட்கல. அண்ணன் இல்லாத நேரமாப் பார்த்து, பின்வாசல் வழியாக வரச் சொல்லி ரகசியமா சோறு போட்டாங்களாம். ஒருநாள் வீட்டில் திவசம். ஊரே சாப்பிட்டுப் போன பிறகு கடைசியாக வந்து நின்ற கொழுந்தனைப் பார்த்து அண்ணி அழுதுட்டாங்களாம். அவங்க அழுததைத் தாங்காமல்தான், வீட்டிலேயே இருந்து படிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாராம். பின்வாசலில் நின்ற அந்தச் சின்னப் பையன்தான் பின்னாளில் ஊருக்கே வாசலைத் திறந்து சோறு போட்டவர்.

சென்னையை விட்டுப் போய் கருங்குழி என்ற ஊரில் பல வருஷம் இருந்தார். 1865-ல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமசாலையைத் திறந்தார். அதற்கான இடம் ராஜா கொடுத்தது இல்லை. பார்வதிபுரம் ஊர் ஜனங்களே 80 காணி நிலத்தைக் கொடுத்தாங்க. அங்கே இருக்கும் அடுப்பு 21 அடி நீளம். அன்றைக்கு மூட்டிய நெருப்பு 150 வருஷத்துக்கு மேலாகியும் அணையவே இல்லை. என்ன சாதி, என்ன மதம், எந்த ஊர் என்று யாரையும் கேட்பதில்லை. வந்தவருக்குப் பசிக்குதா, அவ்வளவுதான் கணக்கு.

1872-ல் சத்திய ஞான சபையைத் தொடங்கினார். 1874 ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டார். ஜோதியில் கலந்துவிட்டார் என்பது அவர் அன்பர்களின் நம்பிக்கை. அவர் பிறந்தநாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது.

இப்போ என் கதைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் புயலில் எங்க நொச்சிக்குப்பத்தில் ஒரு போட்டும் கடலுக்குப் போகல. அப்பாவுக்குத் தொழில் இல்லை. எங்க தெரு அம்மாக்கள் ஆளுக்கு ஒரு படி அரிசி, கொஞ்சம் பருப்பு என்று சேர்த்து, ஒரே அண்டாவில் சாம்பார் சாதம் செய்தாங்க. ஆயா என் கையில் தூக்கைக் கொடுத்து வாங்கி வரச் சொன்னாங்க. வரிசையில் என் வகுப்புப் பெண் நின்றாள். எனக்கு வெட்கமாப் போச்சு. தூக்கைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிட்டேன். அன்றைக்கு ஆயா பட்டினியாவே படுத்தாங்க. ஆனா என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் உறுத்துது.

வள்ளலார் கதையைப் படித்தபோது ஒரு சந்தேகமும் வந்தது. அவர் உயிரைக் கொல்லக் கூடாது என்றவர். நாங்களோ மீன் பிடிக்கிற குடும்பம். நான் அவரைப் பற்றி எழுதலாமா? தமிழ் ஐயாவிடம் கேட்டேன். புலால் உண்பவராக இருந்தாலும் அவர் பசியை நீக்கத்தான் வேண்டும் என்று வள்ளலார் எழுதியிருப்பதை ஐயா எடுத்துச் சொன்னார். அப்புறம்தான் தைரியமா எழுத உட்கார்ந்தேன்.

புயலுக்கு அப்புறமும் எங்க தெரு அந்த அண்டாவை விடல. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் சோறு உண்டு. தனியா இருக்கிற தாத்தா பாட்டிகளுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். எல்லாரும் சாப்பிடணும் என்பதால் அன்றைக்கு மட்டும் மீன் கிடையாது! தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அந்த வகுப்புப் பெண்தான் அப்பளம் வைப்பாள்.

நண்பர்களே, நம் தெருவில் யாராவது பின்வாசலில் நிற்கிறாங்களா என்று பார்ப்போம். சோறு வாங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. கொடுப்பதில் பெருமையும் வேண்டாம்.

– எட்டாம் வகுப்பு மாணவி