ஹாமில்டன் கண்ட எரிமலை

மலை என்றவுடன் குளிர்ந்த அருவியும், மலர் நிறைந்த சோலையும், முகில் தவழும் முடியும் நம் நினைவிற்கு வரும். நீரருவிக்கு மாறாக நெருப்பருவி சொரியும் மலைகளும் உலகில் உள. அவற்றை எரிமலைகள் என்பர். நிலத்தின் ஆழத்தில் கடுவெப்பத்தால் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு, தன்னுள் அடைபட்ட ஆவிகளின் உந்துதலால் மேலெழுந்து, நிலத்தைப் பிளந்துகொண்டு வெளிப்படும் இடமே எரிமலையாகும். வெளிப்பட்ட குழம்பு எரிகுழம்பு எனப்படும். அதன் வெப்பம் ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் அளவினது. இத்தகைய மலையைக் கண்டு அஞ்சி விலகுவோர் பலர். அதனை அணுகி நின்று, இரவெல்லாம் விழித்திருந்து, அதன் இயல்பை உலகிற்கு எடுத்துரைத்த சிலருள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர் சர் வில்லியம் ஹாமில்டன் ஆவார்.

ஹாமில்டன் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்; ஸ்காட்லாந்து நாட்டு உயர்குடி ஒன்றில் தோன்றியவர். இளமையில் படையில் பணியாற்றினார். பின்னர்ப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1764ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நாட்டிற்குப் பிரிட்டிஷ் அரசின் தூதராக அனுப்பப்பெற்றார். இன்று இத்தாலியின் பகுதியாக விளங்கும் நேப்பிள்ஸ், அக்காலத்தில் தனி அரசாக இருந்தது. அந்நகருக்குக் கிழக்கே, கடற்கரையை அடுத்து ஓங்கி நிற்பது வெசூவியஸ் என்னும் எரிமலை. கி.பி. 79ஆம் ஆண்டில் பாம்பேய், எர்குலேனியம் என்னும் நகரங்களை மண்ணுள் புதைத்த மலை அதுவே. தூதர் பணிக்கு இடையே பழம்பொருள்களைத் திரட்டுவதில் ஹாமில்டன் பெருவிருப்பம் கொண்டிருந்தார். ஆயினும், அவர் உள்ளத்தை முழுவதும் கவர்ந்தது அம்மலையே. அதன் அடிவாரத்தில் போர்ட்டிச்சி என்னும் ஊரில் அவர் ஒரு மாளிகையில் தங்கி, அதனை ஓயாது நோக்கி வந்தார்.

1766ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் வெசூவியஸ் பொங்கியது. செய்தி அறிந்த நகரமாந்தர் தொலைவில் நின்று கண்டு வியந்தனர். ஹாமில்டனோ மலைமேல் ஏறினார். அடுத்த திங்களில் ஒரு நாள், பகல் முழுவதும் இரவு முழுவதும் மலையிலேயே தங்கி, எரிகுழம்பு செல்லும் வழியைப் பின்பற்றி, அது தோன்றும் இடம்வரை சென்றார்.

எரிமலையைக் காண்பதற்கு இரவே ஏற்ற காலம். கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு, வெயிலில் வைத்துப் பார்த்தால் மங்கித் தோன்றும். நிழலில் பார்த்தால் செக்கச் சிவந்து ஒளிரும். எரிகுழம்பும் அத்தகையதே. ஓடும் குழம்பின் மேற்பரப்பு காற்றுப் பட்டு விரைவில் ஆறி, கரிய ஆடைபோல் படியும். பகலில் நோக்குவார்க்குப் புகையும் கருங்கற்குவியலும் மட்டுமே தோன்றும். கதிரவன் மறைந்தபின் அவ்வாடையின் வெடிப்புகள் தோறும் உள்ளிருக்கும் செந்தழல் வெளிப்படும். எங்கே குழம்பு ஊறுகிறது, எங்கே பிரிகிறது, எங்கே நின்றுவிட்டது என்பதெல்லாம் வரைந்து காட்டினாற்போல் விளங்கும். இரவில் மலையேறியோர் வேறு பலர்க்கு அது கண்ணுக்கு விருந்து. ஹாமில்டனுக்கு அது பாடமும் ஆயிற்று.

குழம்பு தோன்றும் இடத்தில் அது உருகிய உலோகம் போல் ஒளிர்ந்து, பேராற்றின் விரைவுடன் பாய்வதை அவர் கண்டார். அதன்மேல் கனத்த கற்களை வீசிப் பார்த்தார். நீரில் இட்ட கல் போல் அவை மூழ்கிவிடும் என்றே நாம் எண்ணுவோம். அவையோ சிறிதே அழுந்தி, மேலே மிதந்து சென்றன. எரிகுழம்பு நீர்போல் ஒழுகினும், கல்லின் எடையும் களியின் இறுக்கமும் உடையது என்பதை அச்சிறு சோதனை புலப்படுத்தியது.

மறு ஆண்டு அம்மலை அவருடைய உயிருக்கே உலைவைக்க நெருங்கியது. 1767ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், வழிகாட்டி ஒருவருடன் அவர் மலைமேல் நின்று நோக்கிக்கொண்டிருந்தார். திடீரெனப் பேரொலி எழுந்தது. அவர்கள் நின்ற இடத்திற்குச் சிறிது தொலைவில் மலை வாய் பிளந்தது. அப்பிளவிலிருந்து அனற்குழம்பு ஊற்றுப்போல் உயர்ந்து, பின் அவர்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. புகை வானை மறைத்தது, கற்கள் மழைபோல் பொழிந்தன, நிலம் நடுங்கியது. வழிகாட்டி ஓடத் தொடங்கினார்; ஹாமில்டனும் அவரைப் பின்தொடர்ந்தார். ஏறத்தாழ மூன்று கல் தொலைவு நில்லாமல் ஓடியே இருவரும் உயிர் பிழைத்தனர். இந்நிகழ்ச்சியை எழுதும்போது, தாம் அஞ்சியதையும் ஓடியதையும் அவர் மறைத்தாரல்லர். கண்டதைக் கூட்டாமலும் குறையாமலும் உரைப்பவனே ஆராய்ச்சியாளன் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தாம் கண்டவற்றை எல்லாம் இலண்டனில் உள்ள இராயல் கழகம் என்னும் அறிஞர் அவைக்கு மடல்களாக விடுத்து வந்தார். ஒளி ஊடுருவும் வண்ணங்களால் தீட்டிய படம் ஒன்றையும் அனுப்பினார். இருட்டறையில் அதன் பின்னே விளக்கேற்றினால், எரிகுழம்பு இரவில் ஒளிர்வதுபோலவே காணலாகும். 1769ஆம் ஆண்டில் சிசிலித் தீவிலுள்ள எட்னா என்னும் எரிமலைமீதும் ஏறி ஆராய்ந்தார். 1770ஆம் ஆண்டில் அக்கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது.

1771ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் இரவு, நேப்பிள்ஸ் அரசர் பெர்டினாண்டும் அரசி மரியா கரோலினாவும் எரிகுழம்பைக் காண விரும்பினர். அவர்களை அழைத்துச் சென்று காட்டியவர் ஹாமில்டனே. அவ்விரவில் அனலாறு ஒன்று பாறைச் சரிவில் அருவியாய் வீழ்ந்துகொண்டிருந்தது. அக்காட்சியைப் பியேத்ரோ பாப்ரிஸ் என்னும் ஓவியர் படமாகத் தீட்டினார். இருளில் மூழ்கிய மலையும், நடுவே செந்நிறத்தில் சுடரும் அருவியும், அதன் அருகே சிற்றுருவினராய் நிற்கும் மாந்தரும் அப்படத்தில் இடம்பெற்றனர். மன்னராயினும் மலையின் முன் சிறியரே என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. பாப்ரிஸ் தீட்டிய 54 வண்ணப் படங்களுடன், 1776ஆம் ஆண்டில் தம் மடல்களைப் பெருநூலாக ஹாமில்டன் வெளியிட்டார். காம்பி பிளெக்ரேயி என்பது அந்நூலின் பெயர். எரியும் வயல்கள் என்பது அதன் பொருள்.

அந்நூலில் அவர் நாட்டிய கருத்து ஒன்று சிறப்பாக எண்ணத்தக்கது. எரிமலை அழிப்பதற்கென்றே அமைந்தது என மக்கள் கருதினர். அவரோ, வெசூவியஸைச் சூழ்ந்த நிலங்களை வெட்டிப் பார்த்து, குழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதையும், படிந்தவை காலத்தால் சிதைந்து வளமான மண்ணாக மாறியிருப்பதையும் கண்டார். மலையே பன்முறை பொங்கிய பொங்கலால் வளர்ந்ததென்றும், எரிமலை நிலத்தை ஆக்கவும் வல்லதென்றும் அவர் உரைத்தார். அஞ்சத்தக்க அம்மலையின் அடியில் உழவர் விடாது குடியிருந்ததற்கு அம்மண்ணின் வளமே காரணமாகும்.

1779ஆம் ஆண்டு மே திங்களில் மற்றோர் இடர் நேர்ந்தது. நண்பர் ஒருவருடனும் வழிகாட்டியுடனும் அவர் எரிகுழம்பின் ஓரமாகச் சென்றபோது காற்றுத் திசை மாறியது. புகையும் வெப்பமும் அவர்கள்மீது வீசின. வழிகாட்டி, ஓடிக்கொண்டிருந்த குழம்பின் மேலேயே நடந்து அக்கரை சேர்ந்தார். மற்றவரும் அவ்வாறே கடந்தனர். மேலே ஆறி இறுகியிருந்த கரிய ஆடை அவர்களைத் தாங்கியது. காலில் கடுவெப்பம் தாக்கியதன்றி வேறு தீங்கு நேரவில்லை. இது வேறு வழியின்றிச் செய்த செயல். பிறர் செய்து பார்க்கத்தக்கதன்று. மலையின் இயல்பறிந்த வழிகாட்டியின் பழக்கமே அன்று மூவரையும் காத்தது. அவ்வாண்டு முதலே, மலையை எதிர்நோக்கி வாழ்ந்த பியாஜியோ என்னும் துறவியார், ஹாமில்டனின் வேண்டுகோட்கிணங்கி, அதன் நிலையை நாள்தோறும் எழுதியும் வரைந்தும் வரலானார்.

1794ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெசூவியஸ் மீண்டும் சீறியது. எரிகுழம்பு டோரே டெல் கிரேக்கோ என்னும் கடற்கரை ஊரின் ஊடே பாய்ந்து, வீடுகளை அழித்துக் கடலினுள் புகுந்தது. அப்போது ஹாமில்டன் அறுபதைக் கடந்த முதியவர். ஆயினும், படகேறிச் சென்று, கடலுள் நீண்ட அக்குழம்பை அணுகி நோக்கினார். நீரில் கையிட்டார், கை வெந்தது. படகின் அடியில் பூசிய கீல் உருகி மிதப்பதையும், நீர் உட்புகுவதையும் படகோட்டிகள் காட்டவே, விரைந்து திரும்பினார். அம்மாத முடிவிலேயே மீண்டும் மலை உச்சிக்கு ஏறினார். தம் வாழ்நாளில் அறுபதுக்கு மேற்பட்ட முறை அவ்வுச்சியைக் கண்டவர் அவர்.

1800ஆம் ஆண்டில் ஹாமில்டன் தாயகம் திரும்பினார். 1803ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். 1841ஆம் ஆண்டில் வெசூவியஸின் சரிவிலேயே, எரிமலையை ஆராய்வதற்கென்று உலகின் முதல் ஆய்வு நிலையம் நிறுவப்பெற்றது. 1944ஆம் ஆண்டில் பொங்கிய அம்மலை, அதன்பின் அடங்கியிருக்கிறது, எனினும் அவிந்துவிடவில்லை. அதன் அடியில் பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். நில நடுக்கத்தையும் வெளிப்படும் ஆவிகளையும் கருவிகள் இரவும் பகலும் அளந்து வருகின்றன. அவர்களுக்குக் காலத்தால் எச்சரிக்கை தருவதே அவ்வாய்வின் பயன்.

கருவிகள் இல்லாத காலத்தில் கண்ணையும் காலையும் கருவியாகக் கொண்டு அப்பணிக்கு வழிகோலினார் ஹாமில்டன். ஓடவேண்டிய வேளையில் ஓடினார். அச்சம் தணிந்தபின் மீண்டும் சென்றார். கண்டதை உண்மையாக எழுதிவைத்தார். அறியாதவரை அச்சம் வளரும். அறிந்தபின் அது விழிப்பாக மாறும். இதுவே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.