உடலுக்குள் தெளிந்த ஒளி

சேலம், நாமக்கல் வட்டாரத்து லாரி ஓட்டுநருக்கும் விசைத்தறித் தொழிலாளிக்கும் உடலே முதலீடு. பித்தப்பையை அகற்ற வயிற்றை நீளமாகக் கீறினால் பல வாரங்களுக்கு வருமானம் நின்றுபோகும். நுண்துளை அறுவை சிகிச்சையோ அவர்களைச் சில நாள்களில் எழுந்து நடமாட வைக்கிறது. இச்சிகிச்சையில் மருத்துவரின் கண் திரையில் தோன்றும் படத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. படம் மங்கினால் கை நிற்க வேண்டும். மங்கலில் பித்தநாளத்தைத் தவறாக வெட்டிவிட்டால் நோயாளியின் துன்பம் நெடுங்காலம் நீளும்.

அந்தப் படத்துக்குத் தெளிவு தந்தவர்களுள் முதன்மையானவர் ஒளியியல் அறிஞர் ஹரால்டு ஹாப்கின்ஸ். 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், லண்டனில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பெர்மாண்ட்சி பகுதியில் வறிய குடும்பத்தில் பிறந்தார். கல்வி உதவித்தொகை அவரை லெஸ்டர் நகரின் கேட்வே பள்ளியில் சேர்த்தது. அங்கிருந்து பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்று இயற்பியலில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆசிரியரானார்.

தொலைக்காட்சிக்கான ஜூம் லென்ஸை 1948-இல் வடிவமைத்த அவரிடம், 1951-இல் ஒரு விருந்தில் இரைப்பை மருத்துவர் ஒருவர், வளையாத உள்நோக்கிக் குழாயால் நோயாளிகள் படும் வேதனையைச் சொன்னார். அந்த முறையீட்டிலிருந்து பிறந்ததே கண்ணாடி இழைக் கற்றை. பஞ்சாபின் மோகாவில் பிறந்த மாணவர் நரீந்தர் சிங் கபானியுடன் இணைந்து, அதுகுறித்த ஆய்வை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

அடுத்த முறையீடு லிவர்பூல் சிறுநீரக மருத்துவர் ஜேம்ஸ் கோவிடமிருந்து வந்தது. சிறுநீர்ப்பைக்குள் எடுக்கும் புகைப்படங்கள் இருண்டுவிடுகின்றன என்றார் அவர். பழைய குழாயில் சிறு லென்ஸ்களுக்கு நடுவே நீண்ட காற்றிடைவெளி இருந்தது. ஹாப்கின்ஸ் அந்த அமைப்பைத் தலைகீழாக்கினார்: நீண்ட கண்ணாடித் தண்டுகள், நடுவே மெல்லிய காற்றிடைவெளி. அதே தடிமன் கொண்ட குழாயில் வெளிச்சம் பல மடங்கு உயர்ந்தது. 1959-இல் காப்புரிமை கோரினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் அதன் மதிப்பை உணர்ந்தார். 1967-இல் கருவி விற்பனைக்கு வந்தது. ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பணியாற்றிய ஹாப்கின்ஸ், 1984-இல் ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்டு பதக்கம் பெற்றார். 1994 அக்டோபர் 22-இல் மறைந்தார். அதற்குள் நுண்துளை முறையில் பித்தப்பை அகற்றும் சிகிச்சை 1985-இல் ஜெர்மனியில் தொடங்கி, 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனைக்கும் வந்துவிட்டது.

தண்டு லென்ஸ் வந்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. குளிர்ந்த கண்ணாடி, சூடும் ஈரமும் மிக்க வயிற்றுக்குள் நுழைந்ததும் ஆவி படிகிறது. வெந்நீரில் முனையைச் சூடாக்கித் துடைத்து உள்ளே செலுத்துகிறார்கள். குருதித்துளி தெறித்தால் மீண்டும் வெளியே எடுக்கிறார்கள். கேமராவை அசையாமல் பிடிப்பதும் தனிப் பயிற்சி. விலையுயர்ந்த கருவி வாங்கும் அரசு மருத்துவமனை, அதைப் பேணும் செவிலியர்க்கும் அறுவை அரங்க உதவியாளர்க்கும் பயிற்சி தராவிட்டால் அச்செலவு பயன் தராது.

பொருளியல் கற்பித்த எனக்கு இவ்வாழ்வு ஒரு கணக்காகவே தோன்றுகிறது. ஏழைச் சிறுவன் ஒருவனுக்குத் தரப்பட்ட உதவித்தொகையின் பலன், அவன் பெயரையே அறியாத நாமக்கல் ஓட்டுநரின் வீடுவரை வந்து சேர்ந்திருக்கிறது. நம் அரசுப் பள்ளிகளுக்குச் செய்யும் செலவையும் இவ்வளவு நீண்ட பார்வையோடுதான் மதிப்பிட வேண்டும்.