ஒரு நிமிஷக் காட்சிக்கு 90 அடி ஃபிலிம்... ஸ்டோரேஜ் விலை உயர்ந்த காலத்தில் சேலத்தில் சாதித்த டி.ஆர்.சுந்தரம் யார்?

போனில் எடுத்த வீடியோ சரியா வரலைன்னா அழிச்சிட்டு மறுபடி எடுக்கிறோம். செலவே இல்லை. ஆனா ஒரு காலத்தில் ஒரு நிமிஷப் பேசும் படக் காட்சியைப் பதிய 90 அடி ஃபிலிம் வேணும். ஒருமுறை பதிஞ்சதை அழிச்சு மறுபடி பயன்படுத்த முடியாது. ஃபிலிமும் வெளிநாட்டில் இருந்துதான் கப்பலில் வரணும்.

அந்தக் காலத்தில் சேலத்தில் ஸ்டுடியோ கட்டியவர்தான் டி.ஆர்.சுந்தரம்.

யார் இவர்?

1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். தறி, நூல்னு போயிருக்க வேண்டிய வாழ்க்கை சினிமா பக்கம் திரும்பியது. 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸை தொடங்கினார். பிற்காலத்தில் 100 படங்களைத் தாண்டிய நிறுவனம் இது.

போர் கொடுத்த நெருக்கடி

இரண்டாம் உலகப்போரில் ஃபிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு போட்டது. அதாவது சுமார் 2 மணி நேரம். பாட்டும் வசனமுமாக நீண்ட தமிழ்ப் படங்கள் சுருங்கின. 1945-ல் போரை மையமாக வைத்து 'பர்மா ராணி' படத்தை சுந்தரம் இயக்கினார்.

1956-ல் என்ன நடந்தது?

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' சேலத்தில் இருந்து வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனம் முதல் ஹார்டு டிஸ்க்கை அறிமுகம் செய்தது. 50 தட்டுகள், சுமார் ஒரு டன் எடை. மாச வாடகை 3,200 டாலர். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்னைக்கு போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அது போதுமான்னு சந்தேகம்தான்.

தொலைந்துபோன முதல் படம்

பதியிறதுக்கு மட்டுமல்ல, பாதுகாக்கவும் செலவு அதிகம். அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சட்டுனு தீப்பிடிக்கும், நாளாக நாளாக மக்கிப்போகும். அதில் இருக்கிற வெள்ளிக்காக பழைய ரீல்களைக் கரைச்சு எடுத்ததும் உண்டு.

1938-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'பாலன்'தான் மலையாளத்தின் முதல் பேசும் படம். இன்னைக்கு அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருப்பது சில போட்டோக்களும் பாட்டுப் புத்தகமும்தான்.

சுந்தரம் 1963-ல் காலமானார். சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு இன்னும் நிக்குது. உள்ளே ஸ்டுடியோ இல்லை.